யானை, ஏரி, மாந்தோப்பு: எங்கள் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கு வெளியே எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பும் ஒரு மானாவாரிக் கொல்லையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுகிற ஆள் என்று ஊருக்கே என்னைத் தெரியும். அதனால் டீக்கடை, கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்டு என்று எங்கே பார்த்தாலும் யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டு யானையைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ கேட்பார். வருடக்கணக்காக அதே கேள்விகள். இனி போனை நீட்டிவிடலாம் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

பல்லுயிர், பல்லுயிர்னு சொல்றீங்களே, அப்படின்னா என்னங்க? புலியும் யானையுமா?

அதுவும்தான், ஆனால் அதோடு முடியவில்லை. எங்கள் பாட்டி ராகி விதைக்கும்போது நடுநடுவே சால் பிடித்து அவரை, துவரை போடுவார், ஓரத்தில் ஆமணக்கும் கடுகும் இருக்கும். ஒரே கொல்லையில் இத்தனை பயிர், ஒவ்வொன்றின் பூவுக்கும் வேறு வேறு பூச்சி, அந்தப் பூச்சிக்கு வருகிற கரிச்சான் குருவி. இந்த மொத்தத்துக்கும் பெயர்தான் பல்லுயிர். ஒரே இனத்துக்குள் இருக்கிற வகைகளும் இதில் சேர்த்தி. ராகியில் எத்தனை ரகம், மாட்டில் எத்தனை இனம் என்பதும் கணக்கு. நம் பக்கத்து ஆலம்பாடி மாடு குறைந்துகொண்டே போவதும், காட்டில் ஒரு மிருகம் குறைவதும் ஒரே வகை நஷ்டம்தான்.

நம்ம மாவட்டத்துல அப்படி என்னதான் இருக்கு? மொட்டைப் பாறையும் வெயிலும்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது, 504 சதுர கி.மீ., கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலுமாக விரிந்து கிடக்கிறது. 2022 நவம்பரில் காவேரி தெற்கு சரணாலயம் அறிவித்தார்கள், அது 686 சதுர கி.மீ., தமிழ்நாட்டின் 17வது சரணாலயம். அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி காடுகள் அதில் வருகின்றன. கர்நாடகத்தின் காவேரி சரணாலயத்தோடு இவை ஒட்டிக்கொண்டிருப்பதால் யானைக்கு எல்லைக்கோடு எதுவும் கிடையாது.

காவிரிக் கரையில் நீர்மருது மரங்களில் சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது, ஆற்றில் நீர்நாயும் முதலையும் இருக்கின்றன. நீங்கள் ‘மொட்டை’ என்று சொன்ன பாறை இருக்கிறதே, அதில்தான் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று ஒரு பறவை வாழ்கிறது. உலகத்தில் தென்னிந்தியாவை விட்டால் வேறெங்கும் இல்லை. பாறையும் முட்புதரும் கலந்த கரடுதான் அதற்கு வீடு, நம் மேலகிரி மலைகளில் உண்டு. காலையில் பாறை சுடுவதற்கு முன்னால் போக வேண்டும், அப்புறம் போனால் நீங்கள் சொன்ன வெயிலைத்தான் பார்க்கலாம்.

சரணாலயம்னு அறிவிச்சாச்சே, அப்புறம் என்ன கவலை?

வரைபடத்தில் கோடு போட்டது யானைக்கும் தெரியாது, பன்றிக்கும் தெரியாது. காட்டைச் சுற்றி இருப்பது நம் கொல்லைகள், கல் குவாரிகள், ரோடுகள். காட்டுக்குள் வருகிற கஷ்டத்தில் பெரும்பங்கு வெளியே இருந்து போவது. அதோடு, கரடு, ஏரி, ஓடை என்று சரணாலயத்துக்குள் வராத இடங்கள்தான் நம் மாவட்டங்களில் அதிகம். அதற்கெல்லாம் காவல் யாரும் இல்லை.

யானை ஏன் சார் ஊருக்குள்ள வருது? காட்டுல தீனி இல்லையா?

முதலில் ஒன்று, அது வருவது புதிதல்ல. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று மழைக்காலம் முடிகிற நேரத்தில் கூட்டமாக வந்து, அறுவடை முடிந்து கொஞ்ச நாளில் திரும்பிப் போவது வருடாவருடம் நடக்கிறது. 1980களில் ஓசூர்க் காடுகளில் இருந்து ஒரு கூட்டம் ஆந்திராவின் சித்தூர் வரைக்குமே போய்த் தங்கிவிட்டது. அதற்கு முன் அங்கே வெகுகாலமாக யானையே இருந்ததில்லை, அந்தக் கூட்டத்துக்காகத்தான் கௌண்டின்யா சரணாலயம் வந்தது. அதாவது யானைக்கு இது பாதை. நடுவில் லேஅவுட்டும் தொழிற்சாலையும் கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையும் வந்தது நம் பக்கக் கதை.

இரண்டாவது, ருசி. ஒரு பெரிய யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி வேண்டும். காட்டுப் புல்லைப் பொறுக்கிப் பொறுக்கி நாள் முழுக்கத் தின்பதும், பால் பிடித்த ராகிக் கதிரை ஒரு ராத்திரியில் வளைத்துத் தின்பதும் ஒன்றா? நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். காட்டுக்குள் புல் வளர வேண்டிய இடத்தில் உண்ணிச்செடி அடைத்துக் கிடப்பதும் சேர்ந்துகொள்கிறது, அதைப் பின்னால் ஒரு கேள்வியில் சொல்கிறேன்.

தம்பி, ராத்திரி பூரா பரண்மேல உட்கார்ந்து வளர்த்த வெள்ளாமை. கரண்ட் வேலி போட்டா என்ன தப்பு?

மாமா, உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு முறை தேன்கனிக்கோட்டை பக்கம் சொந்தக்காரர் கொல்லையில் விடிகாலையில் போய் நின்றிருக்கிறேன். தின்றது கால்வாசி, மிதித்தது முக்கால்வாசி. சேற்றில் அந்தக் கால்தடம் சோற்றுக் குண்டான் வைக்கிற அளவுக்கு இருந்தது, உள்ளே தண்ணீர் ஊறி நின்றது. அவர் எதுவும் பேசவில்லை, சாய்ந்த கதிர்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் வீட்டு லைனில் இருந்து நேராகக் கம்பிக்குக் கொடுப்பது வேலியில்லை, பொறி. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் ஒரே ராத்திரியில் செத்தன, கூட வந்த இரண்டு குட்டிகள் பிழைத்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. அதே மாதம் கம்பைநல்லூர் பக்கம் ஏரிக்கரை ஏறிய ஒரு யானை, தாழ்ந்து தொங்கிய உயரழுத்தக் கம்பியில் பட்டுச் செத்தது. அதற்கு எந்த விவசாயியும் காரணமில்லை, ஆனால் தொங்குகிற கம்பியைப் பார்த்தால் மின்வாரியத்துக்குச் சொல்வது யார் வேலை என்று யோசியுங்கள். வீட்டு மின்சாரம் பிடித்தால் விடாது. தசை இறுகிக்கொள்ளும், கையை எடுக்க முடியாது. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற மனிதர்களும் இந்தக் கம்பிகளில் சாகிறார்கள்.

சோலார் வேலி வேறு. பேட்டரியில் இருந்து நொடிக்கு ஒரு முறை ஒரு சின்ன அதிர்ச்சி கொடுத்து விட்டுவிடும், சுரீர் என்று இருக்கும், உயிர் போகாது. அதற்கும் விதி உண்டு. 2023இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்குத் தனியாக விதிமுறை கொண்டுவந்தது. காப்புக்காட்டில் இருந்து 5 கி.மீ.க்குள் போடுவதாக இருந்தால் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். ஓசூர் வனக்கோட்டத்தில் சில இடங்களில் இரும்பு வடக்கயிறு வேலியும் போட்டிருக்கிறார்கள், அகழியைவிட அது நிற்கிறது என்பது என் எண்ணம், மழைக்கு அகழி சரிந்துவிடுகிறது. நஷ்டஈட்டுக்கு அறுவடைக்கு முன்பே, சேதமான உடனே, போட்டோவோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். பணம் தாமதமாக வரும், உண்மைதான், மனுவே கொடுக்காவிட்டால் அதுவும் வராது.

அப்ப காட்டுப்பன்னியை என்ன பண்றது? அதுக்கும் கைகட்டி நிக்கணுமா?

பன்றி விஷயத்தில் அரசு கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த உத்தரவுப்படி காப்புக்காட்டு எல்லையில் இருந்து 1 கி.மீ. வரை கை வைக்கக் கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கி.மீ. தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். கவனியுங்கள், வனத்துறையினர், நாம் இல்லை.

அவுட்டுக்காய் மட்டும் வேண்டவே வேண்டாம். பழத்துக்குள் வெடிமருந்து வைத்துப் பன்றிக்குப் போடுவதை யானையும் தின்னும், மாடும் தின்னும், வாய் கிழிந்து பல நாள் பட்டினி கிடந்து சாகும். கரண்ட் வேலிக்குச் சொன்னதுதான் இதற்கும்: நீங்கள் யாருக்கு வைத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

வருஷா வருஷம் ஸ்கூல்ல மரக்கன்று நடுறோம். அது போதாதா சார்?

நடுங்கள், நல்லதுதான், ரோட்டோரத்திலும் பள்ளிக்கூடத்திலும் வீட்டு முன்னாலும் நடுங்கள். புங்கன், வேம்பு, அத்தி, நாவல் என்று நம் ஊர் மரமாக நடுங்கள். நட்ட பிறகு இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் அதே குழியில்தான் நட வேண்டியிருக்கும்.

எனக்குப் பயம் எங்கே வருகிறது என்றால், ‘சும்மா கிடக்கிற’ கரட்டில் நடக் கிளம்பும்போது. அந்தக் கரடு சும்மா கிடக்கவில்லை. சூரை, காரை, ஊமத்தை, ஆவாரை, நடுநடுவே புல். கவுதாரி முட்டை வைப்பது அங்கே, முயல் அங்கே, கீரி அங்கே. ஜேசிபி வைத்து அதைச் சுத்தம் செய்து வரிசையாகக் குழி எடுத்து ஆயிரம் கன்று நட்டால் போட்டோ அழகாக வரும், ஆனால் இருந்த ஒரு காட்டை எடுத்துவிட்டு இல்லாத ஒரு காட்டுக்கு விதை போட்டிருக்கிறோம். புதர்க்காடும் காடுதான், உயரம் குறைவு என்பதால் நம் கண்ணுக்குக் காடாகத் தெரிவதில்லை. பல இடங்களில் செய்ய வேண்டிய வேலையே தொடாமல் விட்டுவைப்பதுதான், ஆனால் அதற்கு யாரும் பேனர் கட்ட மாட்டார்கள்.

சீமைக்கருவேலத்தை ஒழிச்சா சரியாயிடும்னு சொல்றாங்க, உண்மையா?

பாதி உண்மை. அது வெளியிலிருந்து கொண்டுவந்த மரம், ஏரியையும் ஓடையையும் அடைத்துக்கொள்கிறது, சரி. ஆனால் மேலே வெட்டினால் அடியிலிருந்து நான்காகத் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் வேறு ஏதாவது வளர விட வேண்டும், அடுத்த மழையில் முளைக்கிற கன்றுகளையும் பிடுங்க வேண்டும். ஒரு நாள் வேலை இல்லை, நாலைந்து வருட வேலை.

மலைக்காட்டுக்கு அதைவிடப் பெரிய தலைவலி உண்ணிச்செடி. இருநூறு வருடத்துக்கு முன்னால் அழகுக்காகக் கொண்டுவந்து தோட்டத்தில் வைத்தது. பழத்தைக் குருவி தின்று விதையை மலை முழுக்கப் போட்டுவிட்டது. அடர்ந்துவிட்டால் அடியில் புல் முளைக்காது, மானுக்கும் யானைக்கும் மேய இடம் குறையும், கோடையில் தீயும் அதில் சட்டென்று ஏறும். மாதேஸ்வரன் மலைப் பக்கம் சோளகர் பழங்குடி மக்கள் அந்தக் குச்சியை வேகவைத்து நாற்காலி, கூடை, ஆள் உயர யானை பொம்மை எல்லாம் செய்கிறார்கள். பார்த்தால் மூங்கில் என்றே நினைப்பீர்கள். அதனால் செடி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, வெட்டுகிற ஆளுக்குக் கூலியாவது கிடைக்கிறது.

ஏரியைத் தூர்வாருறதுல கூடவா குறை சொல்வீங்க?

தூர்வார வேண்டாம் என்று நான் சொன்னதே இல்லை, எப்படி வாருகிறோம் என்பதில்தான் சண்டை. இப்போது நடப்பது என்ன? ஜேசிபி வருகிறது, நடுவில் இருந்து விளிம்பு வரை ஒரே ஆழத்துக்குத் தோண்டி, கரையைச் சுவர் மாதிரி செங்குத்தாக நிறுத்திவிட்டுப் போகிறது. மழை வந்தால் தண்ணீர் நிற்கும், ஆனால் அது ஏரி இல்லை, தொட்டி.

எங்கள் ஊர் ஏரியில் மேற்கு ஓரம் ஒரு சரிவு இருந்தது, கணுக்கால் அளவு தண்ணீர், கோரை, சேறு. டிசம்பரில் உள்ளான்கள் அங்கே வந்து இறங்கும். எங்கிருந்தோ வடக்கே இருந்து பறந்து வந்து நம் சேற்றில் மூக்கை விட்டுக் குத்திக் குத்திப் புழு எடுக்கும், அதன் கால் நீளத்துக்கு அந்த ஆழம்தான் சரி. தண்ணீருக்கு மேலே சரளையில் ஆள்காட்டிக் குருவி முட்டை வைத்திருக்கும். நான்கு முட்டை, கல்லா முட்டையா என்று கிட்டே போய்க் குனிந்தால்கூடத் தெரியாது, தலைக்கு மேலே அது கத்துகிற கத்தலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வருடம் அந்த ஓரத்தை வாரிவிட்டார்கள். அடுத்த டிசம்பரில் நடுவில் நாலு நீர்க்காகம் மட்டும் முங்கிக்கொண்டிருந்தன.

ஆகவே பஞ்சாயத்தில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: நடுவில் ஆழமாக எடுங்கள், ஒரு பக்கமாவது சரிவை விடுங்கள், பழைய மரம் இருக்கிற மேட்டைத் தொடாதீர்கள், கோரையை ஒரேயடியாக அள்ளாதீர்கள். கிராமசபையில் எழுந்து சொன்னால் சிரிப்பார்கள், என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் எழுதிக்கொண்டார்கள்.

கெலவரப்பள்ளி அணையில நுரை பொங்குதே, அது என்ன?

ஓசூர் பக்கத்து அந்த அணை தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே இருக்கிறது. அந்த ஆறு கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, நம்மிடம் வருவதற்கு முன் பெங்களூரின் கிழக்குப் பக்கத்துக் கழிவை வாங்கிக்கொண்டு வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழிந்து இந்த ஆற்றில்தான் சேர்கின்றன. சோப்பு, டிடெர்ஜென்ட், ஆலைக் கழிவு கலந்த தண்ணீர் மதகில் இருந்து விழும்போது காற்றோடு அடிபட்டு நுரைக்கிறது, வாளியில் சோப்புத் தூள் போட்டுக் கையால் அடிக்கிற கதைதான்.

நுரை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் டிவியில் வருகிறது. தெரியாதது தண்ணீரில் ஆக்சிஜன் குறைவது, அதனால்தான் மீன் செத்து மிதக்கிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், கடலூர் என்று அதே ஆறுதான். ஓசூரின் கழிவும் இதில் சேர்கிறது என்பதைச் சொல்லாமல் பெங்களூரை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

வீட்டுத் தொட்டி மீனை ஒகேனக்கல்ல விட்டா புண்ணியம்தானே?

பாவம். காவிரியில் ஏற்கெனவே ஜிலேபி மீனும், வளர்க்கவே தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நிறைந்து கிடக்கின்றன. கெளுத்தி கண்டதையெல்லாம் தின்னும், நம் நாட்டு மீனின் குஞ்சையும் சேர்த்து.

நல்லெண்ணத்தில் விட்ட மீனே கெடுத்த கதையும் உண்டு. காவிரிக்கே உரிய முதுகு மேடிட்ட மகசீர், 50 கிலோவுக்கு மேல் வளரும். ஆற்றில் மகசீர் பெருகட்டும் என்று வேறு வகை மகசீர்க் குஞ்சுகளைப் பண்ணையில் பொரிக்க வைத்துக் கொண்டுவந்து விட்டார்கள், வந்தது பெருகியது, இருந்தது ஒடுங்கியது. இப்போது நம் மகசீர் அழிவின் விளிம்பில் இருக்கிற இனம். எனவே தொட்டி மீன் வேண்டாம் என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

மாமரத்துக்கு மருந்தடிக்காம காய் புடிக்குமாண்ணா?

மருந்தே வேண்டாம் என்று சொன்னால் நானே பொய்யன், தத்துப்பூச்சி வந்தால் பூங்கொத்தே கருகிப்போகும். நேரம்தான் முக்கியம். மொட்டாக இருக்கும்போது, பூ விரிவதற்கு முன் அடியுங்கள். பூ முழுக்க விரிந்திருக்கும்போது நிறுத்துங்கள், ஏனென்றால் மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது ஈயும் தேனீயும்தான். ஈ என்றால் முகம் சுளிக்காதீர்கள், பெங்களூரா மாங்காயில் நீங்கள் வாங்குகிற பணத்தில் அதற்கும் பங்கு இருக்கிறது.

காட்டுல ஆடு மாடு மேய்க்கக் கூடாதுன்னா மலை ஊர்க்காரங்க எங்க போவாங்க?

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்தோடு சுருக்கியது. மறுபக்கம் 2006இன் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் ஓர் உரிமையாகச் சொல்கிறது. நம் காடுகள் சரணாலயமாகிவிட்டதால் இரண்டும் இங்கே முட்டிக்கொள்கின்றன.

என் கருத்து: பக்கத்து ஊர்க்காரரின் இருபது மாடும், எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்து மாதக்கணக்கில் பட்டி போடுகிற நூற்றுக்கணக்கான மாடும் ஒன்றல்ல. ஆலம்பாடி மாடு அந்தக் காட்டு மேய்ச்சலில் உருவான இனம், அதைக் காப்பாற்று என்று ஒரு கையால் ஆராய்ச்சி மையம் வைத்துவிட்டு மறுகையால் மேய்ச்சலை முற்றாக மூடினால் என்ன அர்த்தம்? ஆனால் நாட்டு மாட்டின் நோய் காட்டெருமைக்குப் போகும் என்பதும், அளவுக்கு மிஞ்சி மேய்ந்த இடத்தில் உண்ணிச்செடி மட்டுமே மிஞ்சும் என்பதும் நிஜம். எங்கே, எத்தனை, எந்த மாதம் என்று ஊர்க்காரரையும் வைத்துப் பேசி எழுதினால்தான் தீரும்.

எனக்குக் கொல்லையும் இல்ல, தோப்பும் இல்ல. ஓசூர்ல வாடகை வீடு. நான் என்னங்க பண்றது?

தொப்பூர் கணவாயில் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடுகிறீர்களா? அதை நிறுத்துங்கள். அந்த பிஸ்கட்டுக்காகத்தான் அது ரோட்டுக்கு வருகிறது, அடுத்த லாரியில் அடிபடுகிறது. வீட்டில் பச்சைக்கிளியோ நட்சத்திர ஆமையோ இருந்தால் வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள், ராசிக்கு வளர்த்தாலும் 1972இன் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கொஞ்சம் நேரம் இருந்தால் இன்னொன்று. 2002இன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும், நகராட்சியிலும், மாநகராட்சியிலும் ஒரு குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று இருக்க வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பல இடங்களில் அவசரத்தில் எழுதி பீரோவில் வைத்திருப்பார்கள். அதில் உங்கள் தெரு ஆலமரமும் பக்கத்து ஏரியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு பேசுறீங்களே, இதெல்லாம் நீங்க செய்றீங்களா?

எல்லாம் இல்லை. ஒரு வருடம் பூ முழுக்க விரிந்திருக்கும்போதே மருந்தடித்தேன், ஆள் கிடைத்தது அன்றைக்குத்தான் என்பது அப்போதைய சமாதானம். மறுநாள் காலையில் மரத்தடியில் தேனீக்கள் சிறகை அடித்துக்கொண்டு வட்டம் போட்டுக் கிடந்தன. வரப்பில் பத்துத் தைலமரம் வைத்ததும் நான்தான்.

கொல்லையின் தென்கோடியில் அரை ஏக்கர் கரடு இருக்கிறது, அதை மட்டும் நான்கு வருடமாகத் தொடவில்லை. போன புரட்டாசியில் ஒரு கவுதாரி ஆறு குஞ்சுகளை வரிசையாக நடத்திக்கொண்டு சூரைப் புதருக்குள் போவதைப் பார்த்தேன். அண்ணன் இன்னமும் அந்த இடத்துக்கு ஜேசிபி எப்போது கூப்பிடலாம் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.